சாம்பல் வாசலைத் தாண்டிய கப்பல்கள்

அறிக்கை புதன்கிழமைத் தபாலில் வந்தது. உறையைப் பிரிக்கவே போதிஷ் ஆர்மினுக்கு நெடுநேரம் பிடித்தது. வலது கண்ணில் அறுவை முடிந்து வீடு திரும்பி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. விழித்திரை திரும்ப ஒட்ட வேண்டுமானால் முகம் தரையையே பார்த்திருக்க வேண்டும் என்று செகெத் நகர ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் அவரைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். எழுபத்தொரு வயதுவரை யார் முன்னாலும் தலை குனியாத மனிதர், பதினைந்து நாள் தரை ஓடுகளை எண்ணிக்கொண்டு கிடந்தார். அந்த அவமானத்தைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை.

பூதக்கண்ணாடியை இடது கண்ணுக்கு நேரே பிடித்துப் படித்தார்.

"நூற்று எண்பத்தாறாம் சுற்று. போதிஷ் குடியின் பெரும்படை, இருபத்து மூன்று கப்பல்கள், சாம்பல் வாசலைக் கடந்து ஊதாக் கூட்டரசின் எல்லைக்குள் நுழைந்தது. எதிர்ப்பு இல்லை. தலைமைக் கிரகமான சாமந்தி ஒரு சுற்றுத் தொலைவில் இருக்கிறது. அங்கே காவல் கப்பல் எதுவும் தென்படவில்லை."

இரண்டாம் முறை படித்தார். மூன்றாம் முறை படிக்கக் கண் இடம் கொடுக்கவில்லை. கண்ணாடியைக் கீழே வைத்தார்.

இது பாயா நகரத்தில் பதினாறு வருடமாக நடக்கிற ஆட்டம். நான்கு பேரரசுகள், நான்கு ஆட்டக்காரர்கள், ஒரு நடுவர். மாதத்துக்கு ஒரு சுற்று. இருபதாம் தேதிக்குள் அவரவர் கட்டளையைத் தாளில் எழுதி நடுவர் இமொலாவுக்கு அனுப்பிவிட வேண்டும். கணக்கு ஆசிரியையான அவள் நான்கையும் சேர்த்துப் பார்த்து, விண்வெளியில் என்ன நடந்தது என்று அறிக்கை எழுதுவாள். மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம் எல்லாரும் படகுத்துறை உணவகத்தின் பின்கூடத்தில் கூடி, வரைபடத்தின் மேல் ஈயக் கப்பல்களை நகர்த்தி வைப்பார்கள். பேரம் பேசுவார்கள். மீன் சூப் குடிப்பார்கள்.

அந்த மேசையில் எழுதிய ஒப்பந்தம் கிடையாது. இரண்டு பேர் கை கொடுத்துக்கொண்டால் அது ஒப்பந்தம். மூன்றாவது ஆள் ஒருவர் பார்த்திருந்தால் போதும். மீறினால் தண்டனையும் கிடையாது. தேன் பேரரசை ஆளும் குஸ்தாவ் நான்கு தடவை மீறியிருக்கிறார். நான்கு தடவையும் எல்லாரும் திட்டினார்கள், சிரித்தார்கள், அடுத்த மாதம் மறுபடியும் அவருக்குக் கை கொடுத்தார்கள். ஆர்மின் ஒரு தடவைகூட மீறியதில்லை. மற்றவர்கள் தங்கள் பேரரசுகளுக்கு விதவிதமாகப் பெயர் வைத்தபோது அவர் மட்டும் தன் குடும்பப் பெயரையே வைத்தார். சொந்தப் பெயரை மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினால்தான் மனிதன் பார்த்து நடப்பான் என்பது அவர் எண்ணம்.

நவம்பர் மாதம் அவர் ஊதாக் கூட்டரசின் ஒத்திலியாவுக்குக் கை கொடுத்திருந்தார். ஆறு சுற்றுக்கு இரண்டு பேரும் சாம்பல் வாசலைத் தாண்டுவதில்லை என்று பேச்சு. குஸ்தாவ் சாட்சி. அந்தக் கையை நம்பித்தான் ஒத்திலியா தன் கப்பல்களையெல்லாம் மறுகோடிக்கு, பல் டாக்டர் பெர்த்தோக்கின் இரும்பு மன்றத்தோடு மோத அனுப்பியிருந்தாள். அதனால்தான் சாமந்தி காவல் இல்லாமல் கிடந்தது. சாமந்தி விழுந்தால் ஆட்டமே முடிந்தது. இரண்டு தலைமைக் கிரகங்களை வைத்திருப்பவருக்குத்தான் வெற்றி.

இந்த மாதக் கட்டளையை எழுதியது ஆர்மின் அல்ல. குப்புறக் கிடந்தபடி மகனுக்குப் போன் செய்து, எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை மதியம் மகன் கொர்னேல் வந்தான். நாற்பத்து நான்கு வயது, துறைமுகத் தானியக் கிடங்கில் மேற்பார்வையாளன். மனைவி கொடுத்தனுப்பிய முட்டைக்கோஸ் இறைச்சிச் சுருளைப் பாத்திரத்தோடு அடுப்பில் வைத்துவிட்டுக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டான்.

"பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன்."

"ஒரு கப்பல்கூட காவலுக்கு இல்ல! பதினாறு வருஷமா அந்த வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தீங்க. நான் ஒரே மாசத்துல தாண்டிட்டேன். அடுத்த சுற்றுல சாமந்தி நம்ம கையில. டாக்டர் மூஞ்சி எப்படிப் போகும்னு பாக்கணும்."

"அந்த வாசல்ல நான் ஏன் நிக்கிறேன்னு யோசிச்சியா?"

"வயசாயிடுச்சு, பயம்னு நெனச்சேன்." சிரித்தான். நல்ல மனநிலையில் இருந்தான்.

"ஒத்திலியாவுக்குக் கை கொடுத்திருக்கேண்டா. ஆறு சுற்றுக்குத் தாண்டறதில்லைன்னு."

கொர்னேலின் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் கொஞ்ச நேரம் வேலையில்லாமல் நின்றுவிட்டுப் போயிற்று.

"எங்கிட்ட நீங்க சொல்லலியே."

"சொல்லணுமா? வரைபடத்தைப் பாத்தா தெரியாது? இருபத்து மூணு கப்பலை ஒரு மனுஷன் மூணு மாசமா சும்மா நிறுத்தி வச்சிருக்கான்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு தோணாது?"

"வரைபடத்துல கை கொடுத்ததெல்லாம் தெரியாதுப்பா. கப்பல்தான் தெரியும். போன்ல என்ன சொன்னீங்க? 'மேசை மேல படம் இருக்கு, பாத்து எழுது, குடிக்கு எது நல்லதோ அதைச் செய்'. செஞ்சேன். அதோட, மீறக்கூடாதுன்னு விதியிலயும் இல்ல. குஸ்தாவ் மாமா மீறலையா?"

"குஸ்தாவ் குஸ்தாவ். நாம போதிஷ். இந்தப் பதினாறு வருஷத்துல நான் கொடுத்த கையை யாரும் ரெண்டாந்தடவை யோசிச்சதில்ல. ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது." கொர்னேலின் குரல் உயரவில்லை, அதுதான் ஆர்மினுக்கு எரிச்சலாக இருந்தது. "உங்க ஆபரேஷன் தேதியே நர்ஸ் போன் பண்ணித்தான் எனக்குத் தெரியும். வீட்டுல எதைத்தான் சொல்லியிருக்கீங்க?"

ஆர்மின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னாடி எழுந்து நின்னு சொல்லப்போறேன். இது என் கட்டளை இல்ல, எனக்குத் தெரியாம நடந்ததுன்னு."

"யார் பண்ணதுன்னு கேப்பாங்க."

"கேட்டா சொல்றேன்."

கொர்னேல் கோட்டின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டான். "சொல்லுங்க. பேரை முழுசா சொல்லுங்க, போதிஷ் கொர்னேல்னு. பாதியில முழுங்கிடாதீங்க."

சாப்பிடாமலே போனான். அடுப்பில் முட்டைக்கோஸ் அடிப்பிடித்த வாசனை வந்தபிறகுதான் ஆர்மின் எழுந்தார்.

வெள்ளிக்கிழமை முழுதும் அவர் சொல்லவேண்டிய வாக்கியத்தை மனதில் திருத்திக்கொண்டிருந்தார். நீளமாக இருந்தால் கெஞ்சுவதுபோல் இருக்கும். ஒரே வாக்கியம் போதும். 'நூற்று எண்பத்தாறாம் சுற்றின் கட்டளை என் அறிவுக்கு வராமல் என் மகனால் எழுதப்பட்டது; என் கை கொடுத்த வாக்கு அப்படியே நிற்கிறது.' அதில் பொய் எதுவும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் நடந்தது. ஆனாலும் சவரம் செய்துகொண்டே அதை ஒருமுறை வாய்விட்டுச் சொன்னபோது, 'என் மகனால்' என்ற இடத்தில் கத்தி கொஞ்சம் நின்றது. அது கண் சரியாகத் தெரியாததால் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை வாடகைக் காரில் படகுத்துறைக்குப் போனார். டான்யூப் ஆறு பழுப்பாக ஏறிக்கிடந்தது. பின்கூடத்தில் குஸ்தாவ் ஏற்கெனவே சோடா கலந்த ஒயினோடு உட்கார்ந்திருந்தார். நிஜவாழ்வில் தேனீ வளர்ப்பவர்; பெருத்த உடம்பு, அதைவிடப் பெரிய தொண்டை.

"வாங்கய்யா, வாங்க! கடல்கொள்ளைக்காரர் வந்துட்டாரு! ஒத்தக்கண்ணு வேற, சரியா இருக்கு. நாலு தடவை மீறினேன்னு என்னை என்னமா பேசினீங்க! இப்ப பாருங்க, நான் மீறினதெல்லாம் சில்லறை. நீங்க மொத்தமா அடிச்சிட்டீங்க."

டாக்டர் பெர்த்தோக் இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார். இமொலா மட்டும், "ஆர்மின் மாமா, இப்படி வெளிச்சத்துக்கு முதுகு காட்டி உக்காருங்க, கண்ணு கூசாது" என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டாள்.

மேசையில் வரைபடம் விரிந்திருந்தது. அவர் கையால் கரும்பச்சை அடித்த இருபத்து மூன்று ஈயக் கப்பல்களும் சாம்பல் வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றன. பதினாறு வருடத்தில் அவை அங்கே நின்று அவர் பார்த்ததில்லை. அழகாக இருந்தன. அதை ஒப்புக்கொள்ள அவருக்குப் பிடிக்கவில்லை.

எதிரில் ஒத்திலியா. மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவள். தன் கிரகங்களுக்கெல்லாம் மூலிகைப் பெயர் வைத்திருப்பவள். ஆஸ்பத்திரிக்குக் கசகசாச் சுருள் கேக் கொண்டுவந்து, குப்புறக் கிடந்தவரின் தலைமாட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனவள். இப்போது அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுவே அவருக்குக் கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

"கண்ணு எப்படி இருக்கு?" என்றாள்.

"தெரியவேண்டியது தெரியுது," என்று சொல்லிவிட்டு ஆர்மின் எழுந்து நின்றார். குஸ்தாவ்கூடக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

அப்போதுதான் கதவருகே கொர்னேல் நிற்பதைப் பார்த்தார். அவன் இந்தக் கூடத்துக்கு வந்து இருபது வருடமாவது இருக்கும். நல்ல கோட்டு போட்டிருந்தான், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு. சுவரில் சாயவில்லை. கைகளைக் கட்டவும் இல்லை. தன் பெயர் சொல்லப்படும்போது அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று வந்து, முதுகை நிமிர்த்தி, அப்பாவை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த நிற்பு ஆர்மினுக்குத் தெரிந்த நிற்பு. நீர்வழித்துறையில் முப்பத்தாறு வருடம் அதிகாரிகளுக்கு முன்னால் அவர் அப்படித்தான் நின்றார். அவருடைய அப்பாவும் அப்படித்தான். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வாக்கியம் தயாராக இருந்தது. முதல் சொல் வாயில் வந்துவிட்டது. "நூற்று எண்பத்தாறாம் சுற்றின் கட்டளை..."

நின்றார். சொல்லி முடித்தால் அவர் பெயர் சுத்தமாகிவிடும். ஆனால் எந்தப் பெயர்? கதவருகே நிற்பவனுக்கும் அதே பெயர்தான். ஒரு பாதியைத் துடைத்து மறுபாதியில் பூசுவதற்கு இத்தனை பேரைக் கூட்டி எழுந்து நிற்கவேண்டியதில்லை என்று அவருக்குப் பட்டது. அதற்கு மேல் இன்னொன்றும் பட்டது, அதுதான் கசந்தது: பையன் சொன்னது நிஜம். மூன்று மாதமாகக் கையைக் கொடுத்துவிட்டு, அதைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானும் போட்டுக்கொண்டவர் அவர்.

"கட்டளை என் வீட்டுலேர்ந்து வந்தது," என்றார். "கை கொடுத்தவன் நான். கொடுத்ததை என் வீட்டுக்குச் சொல்லாதவனும் நான். தப்பு என்னோடது." மூச்சு வாங்கினார். "ஒத்திலியா, வாக்கை மீறிப் போன படையைத் திருப்பி அழைச்சா மட்டும் போதாது. அந்த இருபத்து மூணு கப்பலும் இனி உங்களோடது. இமொலா, எழுதிக்கோ. ஒப்படைப்புக் கட்டளை."

"மாமா, படையில பாதிக்கு மேல அது," என்றாள் இமொலா.

"எனக்கு எண்ணத் தெரியும்."

சமையலறையில் யாரோ கரண்டியால் கொப்பரையைத் தட்டினார்கள். ஒத்திலியா கைப்பையைத் திறந்து, மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். கட்டளைத் தாளின் நகல். இமொலாவின் முத்திரையும் தேதியும் இருந்தன. ஜனவரி பத்தொன்பது.

"படிச்சுக்காட்டு இமொலா. அவருக்குக் கண்ணு முடியாது."

இமொலா தயங்கிவிட்டுப் படித்தாள். "சாமந்தி கிரகத்தைச் சுற்றி மூன்று வளையம் கண்ணிவெடி இடவும்."

"கண்ணிவெடி அறிக்கையில வராது, மிதிச்சாத்தான் தெரியும்," என்றாள் ஒத்திலியா. "அடுத்த சுற்றுல உங்க கப்பல் ஒண்ணு மிஞ்சியிருக்காது, ஆர்மின். நவம்பர்ல உங்க கையை முழுசா நம்பினேன். ஆஸ்பத்திரியில நீங்க 'இந்த மாசம் கொர்னேல் எழுதுவான்'னு சொன்னீங்க. அவனுக்கு விஷயம் தெரியுமான்னு நான் கேக்கல. வீட்டுக்குப் போயி இதை எழுதினேன்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே!" கதவருகே இருந்து கொர்னேல் கேட்டான்.

"பண்ணியிருக்கலாம்ப்பா. பண்ணல. நானும் ஜெயிக்கத்தானே மாசாமாசம் இங்க வர்றேன்."

"அடி ஆத்தி!" என்றார் குஸ்தாவ். "இந்த மேசையில நான்தான் அயோக்கியன்னு பதினாறு வருஷமா பெருமையா இருந்தேன். அதுலயும் மண்ணைப் போட்டுட்டீங்களே!"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். ஆர்மின் சிரிக்கவில்லை. நம்பப்பட்டது தன் கை மட்டும்தான், தன் பெயர் அல்ல என்பது முள்ளாகக் குத்தியது. ஒரு கையை நம்பி இன்னொரு கையைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். அப்படிச் செய்ததில் அவள் கணக்கு பிசகவும் இல்லை.

"அதனால இந்தக் கப்பல் எனக்கு வேண்டாம்," என்றாள் ஒத்திலியா. "நான் ஒண்ணும் ஏமாறல. நீங்க கொடுக்கவேண்டியதும் இல்ல. பழையபடி வாசலுக்கு அந்தப் பக்கம் போயிடுங்க. சரியாப் போச்சு."

ஆர்மின் கரும்பச்சைக் கப்பல்களைப் பார்த்தார். ஒன்றின் மூக்கில் பெயிண்ட் உரிந்திருந்தது. இந்த வாரம் அதைப் பூசிவிடலாம். அவளே வேண்டாம் என்கிறாள். நியாயமாகத்தான் சொல்கிறாள். ஒரு தலையசைப்பு போதும், பதினாறு வருடம் திரும்ப வீட்டுக்கு வந்துவிடும். அவர் தலை அசையத் தொடங்கியதா இல்லையா என்று அவருக்கே நிச்சயமில்லை.

கொர்னேல் மேசைக்கு வந்தான்.

"அப்பா கொடுத்தாச்சு," என்றான். "நீங்க கண்ணி வச்சது உங்க விஷயம், ஒத்திலியாம்மா. அதுக்காக எங்க வீடு கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்காது."

"டேய், ஆட்டம்டா இது," என்றார் குஸ்தாவ். "கொடுத்தே ஆகணும்னு விதியில எங்கடா இருக்கு?"

"இப்பவும் விதியில இல்லதான்."

அவன் குனிந்து முதல் கப்பலை எடுத்து ஒத்திலியாவின் பக்கம் வைத்தான். அப்புறம் இரண்டாவது. இருபத்து மூன்றையும் அள்ளித் தள்ளாமல் ஒவ்வொன்றாக வைத்தான். பாதியில் ஆர்மின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உடம்பில் களைப்பு இருந்தது. ஆனால் தோற்ற களைப்பாக அது தெரியவில்லை. வெகுதூரம் தனியாகச் சுமந்த மூட்டைக்கு இன்னொரு கை வந்து சேர்ந்தால் முதலில் தோள்தான் வலிக்கும், அந்த மாதிரி ஒரு வலி.

ஒத்திலியா அதற்கு மேல் மறுக்கவில்லை. கடைசிக் கப்பல் வந்ததும், "கண்ணியை எடுத்துடறேன்," என்று மட்டும் சொன்னாள். அவள் முகம் கொஞ்சம் சிவந்திருந்தது.

சூப் வந்தது. செக்கச்செவேலென்று, மேலே சேமியா மிதக்க, ஆவி பறந்தது. ஆர்மின் காலால் பக்கத்து நாற்காலியை இழுத்துவிட்டார். கொர்னேல் உட்கார்ந்தான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மீனின் முள்ளைத்தான் கவனித்தார்கள்.

"ஒன்பது கப்பல் இருக்கு நம்மகிட்ட," என்றான் கொர்னேல் கடைசியில். "நாலு கிரகம். இந்த மாசக் கட்டளை என்ன எழுதறது?"

"எழுதறதுக்கு முன்னாடி கேளு." ஆர்மின் குரலைத் தாழ்த்தினார். "இன்னும் கை கொடுத்ததெல்லாம் இருக்கு."

"எத்தனை?"

"ஏழு."

"ஏழா!" கொர்னேல் கரண்டியை வைத்துவிட்டான். கோட்டுப் பையில் துழாவிப் பேனாவை எடுத்தான்.

"எழுதாத. இங்க எழுதற வழக்கம் இல்ல. காதுல வாங்கு." ஆர்மின் ஒவ்வொன்றாகச் சொன்னார். யாருக்கு, எந்த மாதம், யார் சாட்சி, எத்தனை சுற்று. சொல்லச் சொல்ல அவருக்கே வேகம் வந்தது. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை. மூன்றாவது குஸ்தாவுக்கு: கரிநிலவை அவர் பிடிக்கப் போனால் போதிஷ் கப்பல்கள் துணைக்கு வரும். ஆறாவது டாக்டருக்கு: கரிநிலவின் மேல் யார் கை வைத்தாலும் போதிஷ் கப்பல்கள் தடுக்கும்.

கொர்னேல் நெற்றியைச் சுருக்கினான். விரலை மடக்கி மறுபடி எண்ணினான்.

"அப்பா. மூணாவதும் ஆறாவதும் ஒண்ணோட ஒண்ணு முட்டுதே."

ஆர்மின் சூப்பில் கவனமாக இருந்தார்.

"குஸ்தாவ் மாமா நாளைக்கே கரிநிலவுக்குக் கிளம்பினா என்ன பண்ணுவீங்க?"

"பதினாறு வருஷமா அவன் கிளம்பல," என்றார் ஆர்மின்.

மேசையின் மறுகோடியில் குஸ்தாவ் இன்னொரு கோப்பை ஒயினைத் தூக்கிக்கொண்டு, டாக்டரிடம் கரிநிலவில் என்ன விளையும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.